பரலல் சிஸ்பிளெக்ஸ்: தரவுப் பகிர்வும் நிற்காத சேவையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தொலைவிலுள்ள வங்கி, காப்புறுதி நிறுவனங்களின் மெயின்ஃபிரேம்களைப் பராமரிக்கிறவர்களுக்கும், அந்த வேலைக்குப் பழகுகிறவர்களுக்கும் இந்தப் பக்கம். ஐபிஎம் இசட் மெசின்களில் ஓடும் இசட்/ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் பல சிஸ்டங்களைச் சேர்த்து ஓட்டும் பரலல் சிஸ்பிளெக்ஸைப் பற்றியது. கட்டளைகளையும் செய்தி இலக்கங்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கொன்சோலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தைப் பாவிக்கிறோம். சிஸ்பிளெக்ஸின் பெயர் யாழ்பிளெக்ஸ். மெசின்கள் இரண்டு. முதலாவதில் நல்லூர் என்ற இசட்/ஓஎஸ் எல்பாரும் (மெசினைப் பிரித்துத் தனிச் சிஸ்டமாக ஓட்டும் பகுதி) சிஎஃப்1 என்ற கப்ளிங் ஃபெசிலிட்டியும் (சுருக்கமாக சிஎஃப்; சிஸ்டங்கள் பகிரும் பூட்டுகளையும் தரவையும் தன் நினைவகத்தில் வைத்திருப்பது) இருக்கின்றன. இரண்டாவதில் கோப்பாய் என்ற எல்பாரும் சிஎஃப்2 உம். தரவுத்தளம் டிபி2.

இரண்டு மெசினை ஒன்றாகத் தொடுப்பதுதானே சிஸ்பிளெக்ஸ்?

தொடுப்பது சின்ன வேலை. ஐபிஎம் 1990 இல் அறிவித்த சிஸ்பிளெக்ஸ், சிஸ்டங்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறவும் ஒன்றின் உயிர்நிலையை மற்றது அறியவும் வழி செய்தது. 1994 இல் வந்த பரலல் சிஸ்பிளெக்ஸ்தான் கப்ளிங் ஃபெசிலிட்டியைச் சேர்த்தது. அதன் பிறகே பல சிஸ்டங்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் வாசிக்கவும் எழுதவும் முடிந்தது. உச்சம் 32 சிஸ்டங்கள்.

ஒன்று ஓட, மற்றது சும்மா காத்திருக்கும் கிளஸ்டர் முறையோடு இதைக் குழப்ப வேண்டாம். இங்கே நல்லூரும் கோப்பாயும் இரண்டுமே வேலை செய்கின்றன. அதே கணக்கின் அதே வரியை இரண்டும் தொடலாம். ஆகவே ஒன்று விழுந்தால் "மற்றதை எழுப்புவது" என்ற கட்டமே இல்லை. அந்த இடத்தில் வேறொரு கேள்வி வருகிறது: விழுந்தது கையில் என்னென்ன பூட்டுகளை வைத்திருந்தது, அவற்றை யார், எப்போது விடுவிப்பது? கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வரும்.

குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

கப்ளிங் ஃபெசிலிட்டி இரண்டு. ஒன்றோடு தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது விழுந்தால் மீளக் கட்ட இடமில்லை. ஒவ்வொரு மெசினிலிருந்தும் ஒவ்வொரு சிஎஃப்புக்கும் குறைந்தது இரண்டு கப்ளிங் இணைப்பு, அவையும் வெவ்வேறு அட்டைகளில். ஒரே அறைக்குள் என்றால் ஐசிஏ எஸ்ஆர் வகை, 150 மீற்றர் வரை. கட்டடம் தாண்டினால் சிஇ எல்ஆர் வகை, இடையில் கருவி எதுவும் இல்லாமல் 10 கிலோமீற்றர் வரை. ஒரே மெசினுக்குள் உள்ள எல்பாரும் சிஎஃப்பும் உள் இணைப்பால் பேசும், அதற்கு கேபிள் இல்லை.

இவற்றோடு எல்லாச் சிஸ்டங்களும் தொடக்கூடிய டிஸ்க், கப்பிள் டேட்டா செட்கள் (சிஸ்பிளெக்ஸின் நிலையையும் விதிகளையும் பதிந்து வைக்கும் டிஸ்க் கோப்புகள்), மெசின்களின் கடிகாரங்களை ஒன்றாக ஓட்டும் எஸ்டிபி நேர ஒத்திசைவு, பொதுவான கற்றலொக் (எந்த டேட்டா செட் எங்கே என்று சொல்லும் பட்டியல்), பொதுவான பாதுகாப்புத் தரவுத்தளம். சிஸ்டங்களுக்கிடையே வளப் பூட்டுகளை ஒழுங்குபடுத்தும் ஜிஆர்எஸ், அவற்றைச் சிஎஃப்பில் வைக்கும் ஸ்டார் முறையில் ஓட வேண்டும். பழைய வளைய முறையை இனி நினைக்க வேண்டாம்.

சிஎஃப்பை இசட்/ஓஎஸ் ஓடும் அதே மெசினில் வைக்கலாமா?

வைக்கலாம், பல இடங்களில் வைக்கிறார்கள். ஆனால் எந்த ஸ்ட்ரக்சர் (சிஎஃப் நினைவகத்தில் ஒரு தேவைக்காக ஒதுக்கிய பகுதி) அதில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது பாதுகாப்பாகவோ பெரும் ஆபத்தாகவோ ஆகும். ஒவ்வொரு ஸ்ட்ரக்சருக்கும் கேளுங்கள்: இந்த மெசின் செத்தால் கூடவே எது சாகும்?

முதலில் ஜிஆர்எஸ்ஸின் ஐஎஸ்ஜிலொக் பூட்டு ஸ்ட்ரக்சரை எடுப்போம். அது சிஎஃப்1 இல் இருக்கும்போது முதலாவது மெசின் முழுதாக விழுகிறது. ஸ்ட்ரக்சரும் போனது, நல்லூரும் போனது. கோப்பாய் தன் கையிலுள்ள என்க்யூ (ஜிஆர்எஸ் தரும் வளப் பூட்டு) விபரங்களை வைத்து அதை சிஎஃப்2 இல் மீளக் கட்டுகிறது. நல்லூரின் என்க்யூக்கள் தொலைந்தன என்றால் நட்டமில்லை, செத்த சிஸ்டத்தின் என்க்யூ எப்படியும் விடுவிக்கப்பட வேண்டியதுதான்.

இப்போது டிபி2 இன் பூட்டுகளை வைக்கும் லொக்1 ஸ்ட்ரக்சர். அதே விழுகை, அதே மெசின். ஆனால் நல்லூரிலிருந்த டிபி2 உறுப்பினர் (தரவைப் பகிரும் டிபி2 குழுவில் ஒன்று) இன்னும் கொமிட் ஆகாத, அதாவது உறுதியாக்கப்படாத, மாற்றங்களோடு செத்தது. அந்தப் பக்கங்களை வேறு யாரும் தொடக்கூடாது, அதனால் அதன் பூட்டுகள் தக்க வைக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியல் இருந்தது இரண்டே இடத்தில்: லொக்1 இலும், நல்லூரின் ஐஆர்எல்எம் (டிபி2 இன் பூட்டு மேலாளர்) நினைவகத்திலும். இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. கோப்பாய் தனியாக மீளக் கட்ட முடியாது. அதன் டிபி2 உம் விழும். முழுக் குழுவும் மாற்றங்களைப் பதியும் லொக் பதிவேடுகளைப் (பூட்டு என்னும் லொக் அல்ல) படித்து எழும்ப வேண்டும். ஒரு மெசின் விழ, இரண்டு மெசினின் சேவையும் நிற்கிறது. பணம் கொட்டி அமைத்த சிஸ்பிளெக்ஸ் இந்த ஒரு இடத்தில் தோற்றுப்போவதுண்டு. டிபி2 குழுவின் நிலைத் தகவல்களை வைக்கும் எஸ்சிஏ ஸ்ட்ரக்சருக்கும் இதே நிலைதான்.

வழி மூன்று. இசட்/ஓஎஸ் எதுவும் ஓடாத மூன்றாவது மெசினில் சிஎஃப் வைத்து லொக்1, எஸ்சிஏ இரண்டையும் அங்கே தள்ளுவது. இது சுத்தமான வழி, செலவும் அதிகம். இரண்டாவது, சிஸ்டமே பார்த்துக்கொள்ளும் டியூப்பிளெக்ஸ்: இரண்டு சிஎஃப்பிலும் ஒரே நேரத்தில் பிரதி. சிஎஃப்புக்கும் சிஎஃப்புக்கும் இடையே நேரடி இணைப்பு வேண்டும். ஒவ்வொரு பூட்டு வேண்டுகோளும் இரண்டு பக்கமும் போய் ஒத்துக்கொண்ட பிறகே முடியும், அதனால் நேரமும் சிபியூவும் பல மடங்காகும். மூன்றாவது, இசட்13 மெசினில் சிஎஃப்லெவல் (சிஎஃப் மென்பொருளின் பதிப்பு) 21 உடன் வந்த ஒத்திசையா டியூப்பிளெக்ஸ். பூட்டு ஸ்ட்ரக்சர்களுக்கானது, டிபி2 12 இலிருந்து பாவிக்கலாம். வேண்டுகோள் முதற்பிரதியில் முடிந்ததும் திரும்பிவிடும், இரண்டாம் பிரதி பின்னால் வரும், டிபி2 தேவையான கட்டத்தில் மட்டும் அது வந்து சேர்ந்ததா என்று பார்க்கும். யாழ்பிளெக்ஸ் போல இரண்டே மெசின் உள்ள இடத்துக்கு லொக்1 ஐ மூன்றாவது வழியில் காக்கச் சொல்வோம். எஸ்சிஏ பூட்டு ஸ்ட்ரக்சர் அல்ல, அதற்குச் சாதாரண டியூப்பிளெக்ஸ். அதன் போக்குவரத்து குறைவு என்பதால் செலவு உறைக்காது.

உறுப்பினர்கள் பகிரும் பக்கங்களைச் சிஎஃப்பில் வைக்கும் குரூப் பஃபர் பூல்களை டிபி2 தானே டியூப்பிளெக்ஸ் செய்யும். மாறிய பக்கங்களை மட்டும் இரண்டாவதிலும் எழுதுவதால் செலவு குறைவு. உற்பத்திச் சூழலில் இதைத் தவிர்க்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

சிஎஃப்புக்கு எவ்வளவு நினைவகம், எத்தனை எஞ்சின்?

ஒரு சிஎஃப் தன் ஸ்ட்ரக்சர்களோடு மற்றதன் ஸ்ட்ரக்சர்களையும் தாங்க வேண்டும். சிஎஃப்1 இல் 6 ஜிபி, சிஎஃப்2 இல் 5 ஜிபி என்றால் ஒவ்வொன்றிலும் 11 ஜிபியும் சிஎஃப்பின் சொந்த மென்பொருளுக்கான இடமும் வேண்டும். 16 ஜிபி கொடுங்கள். ஏற்கெனவே டியூப்பிளெக்ஸ் ஆனவற்றை இரண்டு முறை கூட்ட வேண்டாம்.

எஞ்சின் (செயலி) சிஎஃப்புக்கே உரிய ஐசிஎஃப் வகையாக, பிறரோடு பகிராமல், குறைந்தது இரண்டு இருக்கட்டும். சாதாரண நாளில் பாவனை 50 வீதத்தைத் தாண்டினால் மற்றது விழும்போது மிஞ்சியது மூச்சுத் திணறும். பரீட்சைச் சூழலுக்குப் பகிர்ந்த எஞ்சின் போதும்.

கப்பிள் டேட்டா செட்களை எங்கே வைப்பது?

முதன்மை ஒரு டிஸ்க் கட்டுப்பாட்டகத்தில், மாற்று இன்னொன்றில். இதை எல்லோரும் செய்கிறார்கள். தவறவிடுவது இவற்றைத்தான்:

சிஸ்பிளெக்ஸ் வகையின் முதன்மையையும் சிஎஃப்ஆர்எம் வகையின் (சிஎஃப்களுக்கும் ஸ்ட்ரக்சர்களுக்குமான பொலிசி, அதாவது விதிகள், இருப்பது) முதன்மையையும் ஒரே வொலியூமில் வைக்காதீர்கள். ஏதாவது மீளக்கட்டல் நடக்கும்போது இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத்து குவியும். ஒன்றின் முதன்மையும் மற்றதன் மாற்றும் சேர்ந்து இருக்கலாம். பேஜ் டேட்டா செட், டம்ப் டேட்டா செட், முழு வொலியூமையும் பிடித்துவைக்கும் ரிசேர்வ் போடும் பழைய வேலைகள் உள்ள வொலியூம்களுக்கு அருகே போகவே வேண்டாம். ஒரு வொலியூம் சில செக்கன் பிடிபட்டால், சிஸ்டம் தன் உயிர்நிலையைப் பதிய முடியாமல் போய், மற்றவர்களின் கண்ணுக்குச் செத்ததாகத் தெரியும்.

மூன்றாவதாக ஒரு உதிரியை முன்கூட்டியே ஃபோர்மட் செய்து வையுங்கள். முதன்மை போனால் மாற்று முதன்மையாகும். அந்த நொடியிலிருந்து உங்களுக்கு மாற்று இல்லை. உதிரி இருந்தால் "செட்எக்ஸ்சிஎஃப் கப்பிள்,ஏகப்பிள்=" என்ற ஒரு கட்டளையோடு முடியும். இரண்டும் போனால் எல்லாச் சிஸ்டமும் 0ஏ2 காத்திருப்பு நிலைக்குப் போகும், மீள ஐபிஎல் செய்வதுதான் வழி, அதாவது சிஸ்டத்தைத் தொடக்கத்திலிருந்து எழுப்புவது.

ஃபோர்மட் செய்யும் புரோகிராம் ஐஎக்ஸ்சிஎல்1டிஎஸ்யு. மாற்றின் கொள்ளளவு முதன்மையைவிடக் குறைந்தால் அதை ஏற்காது. ஆகவே பெரிதாக்குவது இலகு, சிறிதாக்க முழுச் சிஸ்பிளெக்ஸையும் நிறுத்த வேண்டும். "இருக்கட்டும்" என்று மெக்ஸ்சிஸ்டத்தை (சிஸ்டங்களின் உச்ச எண்ணிக்கை) 32 ஆக்காதீர்கள். தேவைக்கு மேல் ஒன்றிரண்டு போதும். சிஎஃப்ஆர்எம்மை ஃபோர்மட் செய்யும்போது எஸ்எம்ரீபில்ட், எஸ்எம்டியூப்பிளெக்ஸ் இரண்டையும் 1 என்று கொடுக்கத் தவறாதீர்கள். கொடுக்காவிட்டால் மேலே சொன்ன சிஸ்டம் டியூப்பிளெக்ஸ் இயங்காது, ஏன் இயங்கவில்லை என்று தேடுகிறவர் பொலிசியைத்தான் பல மணிநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

டிஸ்க்கை மெட்ரோ மிரரில் (ஒவ்வொரு எழுத்தையும் உடனே இரண்டாவது டிஸ்க்கிலும் எழுதும் முறை) பிரதி செய்கிற இடங்களில் லொக்ஆர் (லொக் பதிவேடுகளுக்கானது) வகையைத் தவிர மற்றக் கப்பிள் டேட்டா செட்களை மிரரில் சேர்க்கக்கூடாது. மிரர் உறைந்து நிற்கும் கணத்தில்தான் சிஸ்டங்கள் இவற்றை அவசரமாக எழுத வேண்டியிருக்கும். அவையும் சேர்ந்து உறைந்தால் ஹைப்பர்ஸ்வொப் (இரண்டாவது டிஸ்க்குக்குத் தானாக மாறுதல்) நடக்காது.

பார்ம்லிப்பில் (சிஸ்டத்தின் அமைப்புகள் எழுதப்படும் தொகுப்பு) எவற்றை மாற்ற வேண்டும்?

ஐஇஏசிஸ் உறுப்பில் பிளெக்ஸ்சிஎஃப்ஜி=மல்ட்டிசிஸ்டம், ஜிஆர்எஸ்=ஸ்டார், கப்பிள்=00. கப்பிள்00 இல் சிஸ்பிளெக்ஸ் பெயர், முதன்மை, மாற்று டேட்டா செட்களின் பெயரும் வொலியூமும், ஒவ்வொரு வகைக்கும் டேட்டா வாக்கியம், செய்திப் பாதைகளுக்கான பாத்இன், பாத்அவுட். பாதைக்கு ஐஎக்ஸ்சி என்று தொடங்கும் ஸ்ட்ரக்சர் இரண்டு வையுங்கள், ஆளுக்கொரு சிஎஃப்பில். செய்தி அளவுக்கேற்பப் போக்குவரத்து வகுப்புகளைப் பிரிக்கும் பழைய தலையிடி இசட்/ஓஎஸ் 2.4 இலிருந்து பெரிதும் குறைந்துவிட்டது.

குளொக்00 இல் எஸ்டிபிமோட் யெஸ். இலங்கை நேரத்தில் ஓடும் சிஸ்டம் என்றால் டைம்சோன் ஈ.05.30.00, ஈ என்பது கிழக்கு. வெளிநாட்டு வாடிக்கையாளரின் சிஸ்டத்துக்கு அவர்களின் வலயம், உங்களுடையது அல்ல. மெசினின் மூலக் கடிகாரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். இலங்கை 1996 இல் இரண்டு தடவையும் 2006 ஏப்ரலில் ஒரு தடவையும் நேரத்தை மாற்றியது. அப்படி ஒரு மாற்றம் மறுபடி வந்தால் வலய வித்தியாசத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம். மூலக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைத்த இடங்கள் கடிகாரத்தையே பின்னால் திருப்ப வேண்டிவரும், டிபி2 லொக் பதிவேடுகள் அதைத் தாங்காது.

ஜிஆர்எஸ்ஸின் ஆர்என்எல் பட்டியல் (எந்த வளப் பூட்டு எல்லாச் சிஸ்டத்துக்கும் பொது என்று சொல்வது) எல்லாச் சிஸ்டத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் பிந்தி வரும் சிஸ்டம் சேராது.

முதல் ஐபிஎல்லில் ஐஎக்ஸ்சி405டி என்று கேட்கிறது. ஐ, ஜே, ஆர்: எதைக் கொடுப்பது?

அதற்கு மேலே வரும் ஐஎக்ஸ்சி404ஐ செய்தியைப் படியுங்கள். எந்தச் சிஸ்டங்கள் உயிரோடு இருப்பதாக டேட்டா செட் நினைக்கிறது என்று அதில் இருக்கும். எச்எம்சியில் (மெசின்களைக் கட்டுப்படுத்தும் கொன்சோல்) போய் அவை உண்மையிலேயே நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். எல்லாம் நிற்கிறது என்று உறுதியானால் ஐ, அதாவது சிஸ்பிளெக்ஸைப் புதிதாகத் தொடங்கு. மற்றது ஓடிக்கொண்டிருக்கிறது, இது சேர வேண்டும் என்றால் ஜே. சந்தேகம் என்றால் ஆர் கொடுத்து நிதானமாகப் பாருங்கள். ஓடுகிற சிஸ்பிளெக்ஸ் மேல் ஐ கொடுத்தால் ஓடுகிறவை காத்திருப்பு நிலையில் விழும்.

சிஎஃப்ஆர்எம் பொலிசி எழுதும்போது அதிகம் நடக்கும் பிழை?

சைஸையும் (உச்ச அளவு) இனிட்சைஸையும் (தொடக்க அளவு) மிகத் தூரத்தில் வைப்பது. சைஸ் 4 ஜிபி, இனிட்சைஸ் 200 எம்பி என்று எழுதினால் சிஎஃப் உச்ச அளவுக்கான கட்டுப்பாட்டு இடத்தை முதலே ஒதுக்கும். மிஞ்சிய இடத்தில் தரவுக்கு ஒன்றும் இருக்காது, ஸ்ட்ரக்சர் பிறந்ததும் நிறைந்துவிடும். சைஸ் இனிட்சைஸின் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். தொடக்க அளவை ஐபிஎம்மின் சிஎஃப்சைசர் இணையக் கருவியில் எடுக்கலாம். புதிய சிஎஃப்லெவலுக்கு மாறும்போது அளவுகளை மறுபடி கணியுங்கள். அதே ஸ்ட்ரக்சருக்குப் புதிய லெவலில் கூடுதல் இடம் பிடிப்பது வழமை.

பிரெஃப்லிஸ்டில் (ஸ்ட்ரக்சரை வைக்கக்கூடிய சிஎஃப்களின் பட்டியல்) எப்போதும் இரண்டு சிஎஃப். ஒன்றை மட்டும் எழுதிய ஸ்ட்ரக்சருக்கு மீளக்கட்டல் இல்லை. புதிய பொலிசியைத் தொடங்கியபின் "டி எக்ஸ்சிஎஃப்,எஸ்டிஆர்" அடித்துப் பாருங்கள். "பொலிசி சேஞ்ச் பெண்டிங்" என்று நிற்கிறதென்றால் புதிய அளவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ரீபில்ட் கொடுத்தால்தான் வரும். பொலிசி மாற்றி மாதக்கணக்கில் பெண்டிங்கில் கிடப்பது அபூர்வமல்ல.

நல்லூர் விழுந்தது, ஆனால் கோப்பாயிலும் சில பரிமாற்றங்கள் -904 (வளம் கிடைக்கவில்லை) என்று திரும்புகின்றன. ஏன்?

தக்கவைத்த பூட்டு. நல்லூரின் டிபி2 கொமிட் ஆகாமல் விட்டுப்போன பக்கங்களைக் கோப்பாய் தொட முடியாது, தொடவும் கூடாது. செத்த உறுப்பினர் ஒருமுறை எழும்பித் தன் பாதி வேலைகளைத் திருப்பினால்தான் அவை விடுபடும். நல்லூர் எல்பார் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே டிபி2 உறுப்பினரைக் கோப்பாயில் "லைட்" முறையில் எழுப்பலாம். குறைந்த நினைவகத்தோடு வந்து, பூட்டுகளை விடுவித்து, தானே நின்றுவிடும். இதை ஏஆர்எம் (விழுந்ததைத் தானாக எழுப்பும் வசதி) பொலிசியில் எழுதி வைத்தால் ஆள் இல்லாமலே நடக்கும். ஏஆர்எம் இல்லாத இடத்தில் பாவனையாளருக்குத் தெரியும் தடையில் பெரும்பகுதி, யாராவது இந்தக் கட்டளையை நினைவுபடுத்தி அடிக்கும்வரை போகும் நேரம்தான்.

இது நடக்க ஒவ்வொரு உறுப்பினரின் லொக் பதிவேடும் அதன் விபரப் பட்டியலான பிஎஸ்டிஎஸ்ஸும் எல்லாச் சிஸ்டமும் வாசிக்கும் டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒரு அட்டவணையை மீட்கும்போதும் எல்லா உறுப்பினரின் லொக் பதிவேட்டையும் நேர வரிசையில் பின்னித்தான் டிபி2 வாசிக்கும்.

தரவுப் பகிர்வு வந்ததும் பழைய புரோகிராம்கள் மெதுவாகிவிட்டன. சிஎஃப் போதாதா?

பெரும்பாலும் சிஎஃப்பில் குறையிராது, அட்டவணை அமைப்பில்தான் இருக்கும். பற்றுச்சீட்டு இலக்கம் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டு போகும் அட்டவணையை நினையுங்கள். நல்லூரும் கோப்பாயும் இரண்டுமே கடைசி இண்டெக்ஸ் பக்கத்தில்தான் எழுத வேண்டும். பக்கத்தின் பி-பூட்டு (உறுப்பினர்களிடையே பக்கத்தை ஒத்துவைக்கும் பூட்டு) இரண்டுக்கும் இடையே பந்துபோல அலையும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பக்கம் குரூப் பஃபர் பூலில் எழுதப்பட்டு மறுபக்கம் வாசிக்கப்பட வேண்டும். ஒரு வரிக்கு ஒரு பூட்டு என்று வைத்திருந்தால் இன்னும் மோசமாகும். வரிப் பூட்டுக்குக் கீழே பக்க பி-பூட்டு வேறாக நிற்கும். அதிகம் செருகும் அட்டவணைக்கு மெம்பர் கிளஸ்டர் கொடுங்கள், ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனிப் பக்கங்களில் செருகும். வரிப் பூட்டை உண்மையில் தேவைப்படும் சில அட்டவணைகளோடு நிறுத்துங்கள். இலக்கம் இடைவெளி இல்லாமல் வரிசையில் வரவேண்டும் என்ற விதி உண்மையிலேயே சட்டத் தேவையா, பழக்கமா என்று வியாபாரப் பக்கத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆர்எம்எஃப் (இசட்/ஓஎஸ்ஸின் செயற்றிறனை அளக்கும் கருவி) அறிக்கையில் எதைப் பார்ப்பது?

டைரக்டரி ரீகிளெய்மால் (இடம் போதாமல் பழைய டைரக்டரிப் பதிவைப் பறிப்பது) வரும் பக்கச் செல்லாததாக்கல் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குரூப் பஃபர் பூலில் டைரக்டரி பதிவுகள் போதாது. ஒரு தரவுப் பக்கத்துக்கு 5 டைரக்டரிப் பதிவு என்ற இயல்பு விகிதத்தை உயர்த்துங்கள் அல்லது ஸ்ட்ரக்சரைப் பெரிதாக்குங்கள். பூட்டில் பொய்ப்போட்டி, அதாவது வேறு வேறு வளங்கள் ஒரே அட்டவணைக் கட்டத்தில் விழுவது, மொத்த வேண்டுகோள்களில் 1 வீதத்துக்குள் இருப்பது நல்லது. பூட்டு அட்டவணை இரண்டின் அடுக்காகத்தான் வளரும். அளவைச் சிறிது கூட்டுவது இங்கே பலன் தராது, இரட்டிப்பாக்க வேண்டும். ஒத்திசைந்து (பதில் வரும்வரை காத்திருந்து) போக வேண்டிய வேண்டுகோள்கள் திடீரென்று ஒத்திசையாதவையாக மாறியிருந்தால் சிஎஃப் மெதுவாகிவிட்டது அல்லது இணைப்பு நீண்டுவிட்டது என்று இசட்/ஓஎஸ் தானே முடிவெடுத்திருக்கிறது.

ஒரு சிஸ்டம் தொங்கி நிற்கிறது, ஐஎக்ஸ்சி402டி வந்திருக்கிறது. டவுன் கொடுக்கலாமா?

எச்எம்சியில் அந்த எல்பாரை ரீசெட் செய்யாமல் டவுன் கொடுக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

அந்தச் செய்தி சொல்வது, நல்லூர் தன் உயிர்நிலையைக் கொஞ்ச நேரமாகப் பதியவில்லை என்பது மட்டுமே. அது செத்திருக்கலாம். ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டும் இருக்கலாம். டவுன் என்றதும் கோப்பாய் நல்லூரின் வளங்களை விடுவித்து வேலையைத் தொடங்கும். அதன்பின் நல்லூர் கண்விழித்தால், தனக்கு நடந்தது தெரியாமல், இடையில் நின்றுபோன எழுத்தை டிஸ்க்கில் எழுதி முடிக்கும். இரண்டு சிஸ்டம், ஒரே பக்கம், பூட்டு இல்லை. இந்தச் சேதம் உடனே தெரியாது. நாட்கள் கழித்து மீதிகள் ஒத்துவராதபோதுதான் தெரியும். ரீசெட் செய்தால் நிலுவையிலுள்ள ஐ/ஓ (டிஸ்க் வாசிப்பும் எழுத்தும்) அறுபடும், அதன்பின் டவுன் பாதுகாப்பானது. ஐஎக்ஸ்சி102ஏ கேள்விக்கும் இதே விதி.

மனிதர் கையில் இதை விடாமல் இருப்பதே மேல். விழுந்த சிஸ்டத்தை என்ன செய்வது என்று சொல்லும் எஸ்எஃப்எம் பொலிசியில் ஐசொலேட்டைம் 0 என்று வையுங்கள். தாமதம் எல்லையைக் கடந்ததும் கோப்பாய் சிஎஃப் வழியாக நல்லூரின் ஐ/ஓவைத் தானே துண்டித்து வெளியேற்றும். பாதிச் சீவனோடு, செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டு மற்றவர்களையும் இழுத்து விழுத்தும் சிஸ்டத்துக்கு எஸ்எஸ்யுஎம்லிமிட் 900 செக்கன், மெம்ஸ்டோல்டைம் 600 செக்கன் என்பவை வழமையான தொடக்கம். உயிர்நிலை பதியாத சிஸ்டத்துக்காகக் காத்திருக்கும் இயல்பு இன்டர்வெல் 165 செக்கன். மூன்று நிமிடத்துக்குக் கிட்ட வங்கி காத்திருக்கும். மெசினோடு நேரடியாகப் பேசும் பிசிபிஐஐ வழியான நிலைகண்டறிதலைச் சேர்த்தால் மெசினே "அந்த எல்பார் செத்தது" என்று சாட்சி சொல்லும், இன்டர்வெல் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து தொலைவழியே பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மின்வெட்டோ ஃபைபர் அறுந்ததோ, உங்கள் திரை அணைந்த நேரத்தில் அந்தக் கேள்வி வந்து பதிலின்றிக் கிடக்கக்கூடாது.

எஸ்டிபியில் யாருக்கு எந்தப் பொறுப்பு?

இரண்டு மெசின் என்றால் ஒன்று விருப்ப நேரச் சேவகர், மற்றது காப்பு. மூன்று என்றால் மூன்றாவதை நடுவராக்குங்கள். இணைப்பு அறுந்தபோது யார் தொடர்வது என்று அது சாட்சி சொல்லும். வெளி நேர மூலத்தை இரண்டு மெசினுக்கும் கொடுங்கள். பராமரிப்புக்காக மெசினை அணைக்கும் முன் நடப்பு நேரச் சேவகர் பொறுப்பை எச்எம்சியில் மற்றதுக்கு மாற்றுங்கள். இதை மறந்து அணைத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெசினும் நேரத்தை இழந்து நிற்கலாம்.

ஒரு மெசின் யாழ்ப்பாணத்தில், மற்றது கொழும்பில் வைத்து ஒரே சிஸ்பிளெக்ஸாக ஓட்டலாமா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 மைக்ரோ செக்கன் எடுக்கும், போய்வர 10. ஏ9 வீதியோரமாக இழுத்தால் கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர்: ஒரு பூட்டு வேண்டுகோளுக்கு 4,000 மைக்ரோ செக்கன் பயணம் மட்டும். அறைக்குள் அதே வேண்டுகோள் பத்து மைக்ரோ செக்கன் அளவில் முடியும். ஒரு பரிமாற்றம் 50 பூட்டு கேட்டால் 200 மில்லி செக்கன் கூடுகிறது. அந்த நேரம் முழுக்க அது வைத்திருக்கும் பூட்டுகளுக்குப் பின்னால் மற்றவை வரிசையில் நிற்கும். ஓடாது.

சாவகச்சேரி என்றால் ஏறக்குறைய 16 கிலோமீற்றர், 160 மைக்ரோ செக்கன். டிடபிள்யூடிஎம் (ஒரே ஃபைபரில் பல ஒளி அலைகளை அனுப்பும்) கருவி வைத்து ஓட்டலாம், பூட்டு அடிக்கடி கைமாறாத வேலைக்குப் பொருந்தும். கிளிநொச்சிக்கு ஏ9 இல் 65 கிலோமீற்றருக்குச் சற்று மேல், 650 மைக்ரோ செக்கனுக்கு மேல். தொழில்நுட்பம் இடம் தரும், பரிமாற்ற நேரம் இடம் தருமா என்பது உங்கள் புரோகிராம்களைப் பொறுத்தது. ஃபைபர் பாதைகள் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே பாலத்தைக் கடந்தால் அது ஒரே பாதைதான்.

கொழும்புக்கு வேறு முறை: இங்கே ஒரு முழுச் சிஸ்பிளெக்ஸ், அங்கே ஒத்திசையா டிஸ்க் பிரதி. சில செக்கன் தரவு இழப்பை ஏற்க வேண்டும். வெள்ளம், தீ போன்றவற்றுக்கு அது போதுமான காப்பு.

டிஸ்க் ஒன்றுதானே, அது போனால்?

சரியான கேள்வி. சிஸ்பிளெக்ஸ் தரவைப் பகிர்கிறது, பிரதி எடுப்பதில்லை. டிஸ்க் போனால் எல்லாம் போகும். மெட்ரோ மிரரும் ஹைப்பர்ஸ்வொப்பும் சேர்ந்தால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சிஎஃப்2 ஐப் பராமரிப்புக்கு எடுப்பது எப்படி?

முதலில் "டி எக்ஸ்சிஎஃப்,ரீஅலொக்கேட்,டெஸ்ட்" அடித்து எது எங்கே போகும் என்று பாருங்கள். நகர மறுக்கும் ஸ்ட்ரக்சர் இருந்தால் இப்போதே தெரியும். பிறகு செட்எக்ஸ்சிஎஃப்பில் சிஎஃப்2 க்கு மெயின்ட்மோட் தொடங்குங்கள், அதன்பின் ரீஅலொக்கேட். எல்லாம் சிஎஃப்1 க்கு நகரும், டியூப்பிளெக்ஸ் ஆனவை ஒற்றையாகும். "டி எக்ஸ்சிஎஃப்,சிஎஃப்" இல் சிஎஃப்2 வெறுமையாக இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே இணைப்புகளை ஓஃப்லைன் செய்து, எச்எம்சியில் எல்பாரை நிறுத்துங்கள். ரீஅலொக்கேட் சிஸ்டத்துக்குள் ஓடுவது. இடையில் உங்கள் இணைப்பு அறுந்தாலும் அது நிற்காது, திரும்ப வந்து நிலையைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் எல்பாரை எழுப்பி, இணைப்புகளைத் திருப்பி, மெயின்ட்மோட்டை நிறுத்தி, மறுபடி ஒரு ரீஅலொக்கேட். இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சேவை ஒழுங்காக ஓடும், எந்த எச்சரிக்கையும் பெரிதாகக் கத்தாது, ஆனால் எல்லா ஸ்ட்ரக்சரும் ஒரே சிஎஃப்பில் டியூப்பிளெக்ஸ் இன்றிக் கிடக்கும். மாற்றப் பத்திரத்தில் இவற்றைத் தனிப் படிகளாக எழுதி, செய்தவர் கையொப்பமிடும்படி வையுங்கள்.

மெயின்ஃபிரேம் இல்லாமல் யாழ்ப்பாணத்திலிருந்தே பழக முடியுமா?

அடிப்படைக்கு ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் போதும். இலவசம், சாதாரண கணனியும் இணையமும் இருந்தால் உண்மையான இசட்/ஓஎஸ்ஸில் ஜேசிஎல் (வேலைகளை எழுதிக் கொடுக்கும் மொழி) ஓட்டலாம். ஆனால் அங்கே சிஸ்பிளெக்ஸ் கட்டளைகள் உங்கள் கைக்கு வராது. மெயின்ஃபிரேம் போல நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் கப்ளிங் ஃபெசிலிட்டி இல்லை, அதில் இசட்/ஓஎஸ் ஓட்ட உரிமமும் கிடைக்காது. முழுப் பயிற்சிக்குச் சிறந்தது மெய்நிகர் மெசின்களை ஓட்டும் இசட்/விஎம்: அது மெய்நிகர் சிஎஃப்பை உருவாக்கித் தரும், இரண்டு விருந்தினர் இசட்/ஓஎஸ்ஸை வைத்து ஒரு சிறு யாழ்பிளெக்ஸே கட்டலாம். வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் இப்படி ஒரு பயிற்சிச் சூழலைக் கேளுங்கள். கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது, சிஎஃப் ஒன்றை முன்னறிவிப்பின்றி நிறுத்திவிட்டுக் கொன்சோலில் வரும் செய்திகளை வரிசையாக வாசிப்பது. அடுத்தது முதன்மைக் கப்பிள் டேட்டா செட் உள்ள வொலியூமைப் பறிப்பது. பிறகு ஒரு டிபி2 உறுப்பினரைப் பாதிப் பரிமாற்றத்தில் கொன்று, "டிஸ்ப்ளே டேட்டாபேஸ்" லொக்ஸ் தெரிவோடு அடித்துத் தக்கவைத்த பூட்டுகளைப் பார்த்து, லைட் முறையில் எழுப்பி, அவை மறைவதைப் பார்ப்பது.